முன்கல்லில் அம்மா

அந்தக் கம்பித் தட்டைச் சுற்றினால் கிரீச்சென்று சத்தம் வரும். மட்டாஞ்சேரி யூதத் தெருவில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய பண்டகசாலைகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கடை. பித்தளைப் பூட்டு, பழைய விளக்கு, கதகளி முகமூடி, பட அட்டை என்று கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும்.

கடைக்காரர் பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நாங்கள் அவரை முதலாளி என்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எங்களைப் போலவே மலையாளம் கலந்த தமிழ் பேசும் குடும்பம். 'எங்களைப் போல' என்று அவர் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் கடையை விட்டு இறக்கியிருப்பார்.

அவர் வீட்டு வெளுப்பை நான் கடையிலேயே கொண்டு கொடுப்பது வழக்கம். அன்று அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பானேன் என்று பட அட்டைகள் மாட்டிய அந்தத் தட்டைச் சுற்றினேன்.

சீன வலை வந்தது. கிரீச். டச்சு அரண்மனை. கிரீச். யூதப் பள்ளியின் மணிக்கூண்டு. கிரீச். பச்சை பூசிய கதகளி முகம். கிரீச். ஒரு படுக்கை விரிப்பு.

முதலில் எனக்குத் தெரிந்தது விரிப்புதான். ஓரத்தில் சிவப்பு நூலில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. துணி மாறிப் போகாமல் இருக்க நாங்கள் எல்லாத் துணிக்கும் குறி போடுவோம். மற்றவர்களுக்குச் சேராங்கொட்டை மை. துறைமுகத் தீவான ஐலண்டில் இருந்த ஹோட்டல்காரர்கள் மட்டும் அது கறை மாதிரி இருக்கிறது என்று சண்டை பிடித்ததால் சிவப்பு நூல். நான் தைத்த குறி இங்கே எப்படி வந்தது என்று குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் விரிப்பைப் பிடித்திருந்த கைகளையும், கைகளுக்குக் கீழே இருந்த ஆளையும் பார்த்தேன்.

சேலையைத் தொடைவரை தூக்கிச் செருகி, முழங்கால் தண்ணீரில், நனைந்து ஒட்டிய ரவிக்கையோடு, விரிப்பைத் தலைக்கு மேல் ஓங்கிக் கல்லில் அறையப் போகிறாள் ஒருத்தி. என் அம்மா பேச்சியம்மாள்.

அடியில் ஆங்கிலத்தில் 'கொச்சியின் காட்சிகள்' என்று அச்சடித்திருந்தது.

"முதலாளி, இது எங்க அம்மையாக்கும்" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். சிரித்தார். "அட, ஆமா! பேச்சிக்கு வந்த பாக்கியத்தப் பாத்தியாட்டி? சீமைக்கெல்லாம் போறா. கப்பல்காரன் வந்தா வலையைக் கூட அப்புறம்தான் எடுக்கான். முதல்ல இதத்தான் எடுக்கான்."

"இத எடுத்து மாத்துங்க."

"எதுக்கு? கொச்சி பாக்க வாரவன் எல்லாத்தையும்தான் பாப்பான். வலையப் பாப்பான், பள்ளியப் பாப்பான், உங்களையும் பாப்பான். இதுல எந்தா இத்தர பெரிய காரியம்?"

அட்டையில் ஒன்றை உருவிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவர் பின்னால் நின்று கூப்பிட்டதும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அழுக்கில் தெரிந்த ஊர்

வண்ணார் குடும்பம் என்று இந்தத் தொடரில் எழுதியதிலிருந்து, "உங்களிடம் கழுதை இருந்ததா" என்று கேட்டுச் சில வாசகர்கள் எழுதுகிறார்கள். இல்லை. கொச்சியில் எங்களுக்குத் தலைச்சுமையும் சைக்கிளும்தான். அம்மாவிடம் யாராவது இதைக் கேட்டால், "கழுதையா? இப்ப எங்கிட்டப் பேசிட்டு நிக்குல்லா" என்பாள்.

டச்சுக்காரன் தன் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்க எங்கள் முன்னோர்களைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தான் என்று சொல்வார்கள். டச்சுக்காரன் போனான், இங்கிலீஷ்காரன் வந்தான், அவனும் போனான். அழுக்கு போகவில்லை. நாங்களும் போகவில்லை. மட்டாஞ்சேரிக்கு அடுத்தாற்போல் வெளி என்கிற திடலைச் சுற்றிக் குளங்கள் இருந்தன. அங்கேதான் எங்கள் குடும்பங்கள் எல்லாம் துவைத்தன. பிற்பாடு சிமெண்டுத் தொட்டியும் கூரையும் வந்தன. நான் சொல்வது அதற்கு முந்தின எழுபதுகளின் தொடக்கம்.

ஊர் பார்க்க வந்தவர்கள் கொச்சியைப் பஸ்ஸில் ஏறிச் சுற்றினார்கள். நாங்கள் அதை மூட்டை பிரித்துத் தெரிந்துகொண்டோம். போர்த்துகீசியர் கட்டிய கிறிஸ்தவக் கோயிலுக்குள் நான் அதிகம் போனதில்லை. ஆனால் அங்கே பாடுகிறவர்களின் வெள்ளை அங்கியில் மெழுகு எந்த இடத்தில் சொட்டும் என்று தெரியும். பண்டகசாலை ஆட்களின் சட்டையில் மிளகுத்தூள் இருக்கும். உதறும்போது மூக்கைப் பொத்தாவிட்டால் அன்று முழுக்கத் தும்மல்தான். மஞ்சள் மண்டிக்காரர் வேட்டியைத் தனியாகத்தான் ஊற வைக்க வேண்டும், தப்பித் தவறிச் சேர்த்துவிட்டால் டாக்டர் வீட்டுக் கோட்டும் கல்யாணத்துக்குத் தயாராகிவிடும். தோப்பும்படித் துறைமுகத்து உடுப்பில் மீன் செதில் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு அரண்மனை என்றால் அங்கே காவலிருந்தவரின் காக்கிக் கால்சட்டை. "அந்த ஆளு உக்காந்தே காவல் காக்கான். பின்பக்கம்தான் தேஞ்சிருக்கு" என்று சிரிப்பாள்.

இப்படி ஊரையே உள்ளும் புறமும் பார்த்தவர்கள் நாங்கள். ஒருவர் வீட்டு ரகசியத்தையும் வெளியே சொன்னதில்லை. எந்த விரிப்பில் என்ன கறை என்று எங்கள் பெண்கள் வாயைத் திறந்திருந்தால் கொச்சியில் பாதிக் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை வேடிக்கைப் பொருளாக்கித் தட்டில் மாட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஸ்கள் வெளித் திடலோரம் நிற்க ஆரம்பித்து அப்போது ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். வழிகாட்டி முதலில் இறங்கி எங்களைக் கைகாட்டுவான். அவன் சொல்வது எங்களுக்கும் பாதி மனப்பாடம். காலம் காலமாக மாறாதவர்கள், எளிய மக்கள், எப்போதும் சந்தோஷமாக இருப்பவர்கள். துணி வெளுக்கும் உவர்மண்ணில் கை வெடித்து எரியும்போது அதைக் கேட்டால் யாருக்குச் சந்தோஷம் வரும்?

"எங்கிட்ட கேட்டானா?"

அட்டையை அம்மா வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கை நல்லா உயர்ந்திருக்கு" என்றாள்.

"அம்மா!"

"கால் தெரியுதுன்னா கத்துத? தண்ணியில நிக்கவ சேலையத் தரையிலயா இழுத்துட்டு நிப்பா? எனக்கு அதில்ல காரியம்." அட்டையை என் கையில் திரும்ப வைத்தாள். "எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டானா? நிக்கட்டா, எடுக்கட்டான்னு ஒரு வாக்கு? வலைகிட்டயும் கேக்கல, எங்கிட்டயும் கேக்கல. அப்ப நானும் வலையும் ஒண்ணா?"

அம்மா சத்தம் போடும் ஆள் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அன்று அவள் பேசியது எனக்கே பாதிதான் கேட்டது.

நான் கொண்டுவரும் முன்பே விஷயம் சாயாக்கடை வரை போயிருந்தது. சாயங்காலம் சண்முகம் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். குளத்தில் யாருக்கு எந்தக் கல், யார் எப்போது துவைப்பது என்பதெல்லாம் அவர் சொல்படிதான். அவர் முகம் வாடியிருந்தது. சாயாக்கடையில் யாரோ அட்டையைக் காட்டி, "நின்டெ பெங்ஙளல்லே", உன் தங்கச்சிதானே, என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"பேச்சி, நாளையிலருந்து நீ முன்கல்லுல நிக்க வேண்டா. பொம்பளைங்க எல்லாரும் பின்னுக்குப் போங்க. ரோட்டோரம் ஓலைத்தட்டி கட்டிருவோம்."

முன்கல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குளத்தில் தெளிந்த நீர் ஊறுவது சாலைப் பக்கம். சோப்பும் அழுக்கும் சேர்ந்து வழிவது பின்பக்கம். பின்கல்லில் வேட்டி, சட்டை தோய்க்கலாம். ஹோட்டல் விரிப்புக்கு வேண்டிய வெள்ளை அங்கே வராது. அப்பா இறந்தபின் ஆண்களோடு மல்லுக்கட்டி அம்மா வாங்கிய கல் அது. அந்தக் கல் இருந்ததால்தான் ஹோட்டல் வேலை கிடைத்தது, அந்த வேலை இருந்ததால்தான் நான் தட்டெழுத்து வகுப்புக்குப் போனேன். முன்கல்லை விட்டால் எங்கள் வீட்டில் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

"படம் எடுத்தவன் ஒருத்தன், வித்தவன் ஒருத்தன். ஒளியணும்னா அவனுங்கல்லா ஒளியணும். நான் எதுக்குண்ணே பின்னுக்குப் போகணும்?" என்றாள் அம்மா.

"மானம்னு ஒண்ணு இருக்குல்லா."

"என் மானம் எங்கிட்டதான் இருக்கு. அத அவன் படம் எடுத்துட்டுப் போகல."

மாமா தலையைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை, கேலிக்குப் பயந்தவர். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். "அந்தப் படம் கடையில தொங்குற வரைக்கும் நீ முன்னால நிக்கப்படாது. அது போச்சுன்னா நில்லு."

"படம் போச்சுன்னா நிக்கலாம்லா?"

"போச்சுன்னா நில்லு, நான் தடுக்கல."

"அப்ப செரி" என்றாள் அம்மா.

ஓலைத்தட்டி செய்த உபகாரம்

மறுநாளே தட்டி கட்டினார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அதுவரை பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப்பேர் சீட்டை விட்டே எழுந்திருக்க மாட்டார்கள். துணி துவைப்பதைத்தானே பார்க்கப் போகிறோம் என்று அசட்டையாக இருப்பார்கள். தட்டி வந்ததும் உள்ளே ஏதோ பெரிய சங்கதி நடக்கிறது என்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஓலையை விலக்கி ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். ஒருவன் தட்டிக்கு மேலே தெரியத் தோழனின் தோளில் ஏறி, இருவருமாகச் சேற்றில் விழுந்தார்கள். உள்ளூர் ஆட்களும், பிறந்ததிலிருந்து எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள், வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மாமா ஒரு கம்பை வைத்துக்கொண்டு ஓலை ஓட்டைகளில் தெரிந்த கண்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுத் துவைப்பு அப்படியே கிடந்தது.

அம்மா பின்கல்லில் துவைத்தாள். முதல் சுமையிலேயே விரிப்பு பழுப்படித்தது. ஹோட்டலில் வாங்கியவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது எந்து பற்றி சேச்சி?" என்று, என்ன ஆச்சு என்பதுபோல், கேட்டார். அடுத்த முறையும் இப்படி வந்தால் வேறு ஆள் பார்ப்பார்கள் என்பது அவர் குரலிலேயே இருந்தது.

அம்மா கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். முதலாளி கணக்குப் பார்ப்பது போல் குனிந்தே பேசினார். "நான் அச்சடிக்கலியே பேச்சி. அவன் எர்ணாகுளத்துல இருக்கான். நான் வெறுதே விக்கிறவன்."

"விக்கத நிறுத்துங்க முதலாளி."

"நல்லா ஓடுற சரக்க யாராவது நிறுத்துவானா? போயி வேலையப் பாரு."

அம்மா தட்டை ஒருமுறை சுற்றித் தன் படம் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். வழியெல்லாம் அதையேதான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

மாத்து

அப்போதுதான் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் மகள் வசந்தி பெரியவளாகிவிட்டாள். சடங்குக்கு நாள் குறித்தாயிற்று. பாலக்காட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். பேச்சி மாத்து கொண்டுவர வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மாத்து தெரியாது. பெண் பெரியவளானால் அவள் உடுத்திருந்த சேலையை நாங்கள் எடுத்துக்கொண்டு, எங்கள் கையால் வெளுத்த சேலை ஒன்றை உடுத்தக் கொடுக்க வேண்டும். அதுதான் மாத்து. அது வந்தால்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், தீட்டுக் கழியும், பந்தி போடுவார்கள். அலமாரி நிறையப் பட்டு இருந்தாலும் முதலில் உடம்பில் ஏற வேண்டியது வண்ணாத்தி கொண்டுவந்த சேலை.

ஆனால் அதைக் கொண்டுபோகிறவள் கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும். எங்கள் கை பட்டால் தீட்டுப் போகும், கால் பட்டால் தீட்டு வரும். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

பழைய நாளில் ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவனை ஒதுக்க வேண்டும் என்றால், அவன் வீட்டுக்கு வண்ணான் போகக்கூடாது என்று பெரியவர்கள் உத்தரவு போடுவார்கள். அந்த வீட்டில் கல்யாணமும் நடக்காது, சாவும் எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய ஆயுதம் எங்கள் கையில் இருந்தது. ஆனால் அதை எடு, வை என்று சொன்னது எப்போதும் வேறு யாரோ. எங்கள் கையால் எத்தனையோ வீடு ஒதுக்கப்பட்டது, எங்கள் வாயால் ஒரு வீடும் ஒதுக்கப்பட்டதில்லை.

"போகாதம்மா" என்றேன் நான். "கெடக்கட்டும் அவங்க வீட்டுத் தீட்டு."

மாமாவோ வேறு மாதிரி பயந்தார். "போயிரு பேச்சி. அந்த வீடு முறிஞ்சா நாலு வீடு முறியும்."

அம்மா இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே ஒரு வெள்ளைச் சேலையைக் கஞ்சியிலிருந்து எடுத்து உதறினாள். "போகாம இருந்தா அந்தப் பிள்ளைக்கு யாரு மாத்து குடுப்பா? நான் போவேன். போய்ப் பறைய வேண்டியதப் பறைவேன்" என்றாள். என்னைப் பார்த்து, "அந்தப் படத்த எடுத்துக்க" என்றாள்.

முன்வாசலில்

சடங்கு வீட்டில் பந்தல் போட்டிருந்தது. வாசலில் பாலக்காட்டுச் சொந்தங்கள் சாயா குடித்துக்கொண்டு இருந்தார்கள். அம்மா கொல்லைப்புறம் போகும் சந்தில் திரும்பவில்லை. மாத்துச் சேலையை இரண்டு கையிலும் ஏந்தி, நேராகப் பந்தலுக்குள் நடந்து, முன்வாசல் படிக்குக் கீழே நின்றாள். பின்னால் நான்.

முதலாளி வேகமாக வந்தார். "என்ன பேச்சி, வழி மறந்து போச்சா? பின்னால வா."

"வழி மறக்கல முதலாளி. கொல்லையில நின்னு பறைஞ்சா கேக்காது, அதான் இங்க வந்தேன்."

சத்தம் கேட்டு அவர் மனைவி கோமதியம்மா வெளியே வந்தார். பொதுவாக எங்களிடம் நல்ல மாதிரி பேசுகிறவர். "பேச்சி, நேரமாச்சே. பிள்ளை மூலையில உக்காந்து வாடிப் போனா."

"மாத்து இந்தா இருக்கும்மா. என் முன்கல்லுல வச்சு இத வெளுக்க முடியல. ஒரு குறை இருந்தா மன்னிக்கணும். ஏன் முடியலன்னு உங்களுக்குத் தெரியுமா?" அம்மா என் பக்கம் தலையை அசைத்தாள். அட்டையைக் கோமதியம்மாவிடம் நீட்டினேன்.

கோமதியம்மா கடைக்கு வருவதே இல்லை. அங்கே என்ன விற்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. சட்டென்று அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார், பக்கத்தில் நின்ற ஆண்கள் பார்த்துவிடக் கூடாது என்பது போல. அந்த ஒரு செய்கைக்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

"இது நம்ம கடையில விக்குதா?" என்று கணவரைக் கேட்டார்.

"அது... ஏவாரம். வெளிநாட்டுக்காரங்க கொச்சிய நினைவு வச்சுக்க வாங்குறது. நீ உள்ள போ."

அப்போதுதான் அம்மா அதைச் சொன்னாள். குரல் அதே தாழ்ந்த குரல். ஆனால் பந்தலில் ஈ பறந்தால் கேட்கும் நிலைமை. எல்லோருக்கும் கேட்டது.

"செரி முதலாளி, ஏவாரம்தான். அப்ப ஒண்ணு செய்யுங்க. உள்ள உக்காந்திருக்கே பிள்ளை, கட்டின சேலையோட, அப்படியே ஒரு படம் எடுங்க. எங்கிட்ட கேக்காம எடுத்த மாதிரி அவகிட்டயும் கேக்காண்டாம். என் படத்துக்குப் பக்கத்துல அதையும் மாட்டுங்க. கொச்சி பாக்க வாரவன் எல்லாத்தையும்தானே பாக்கான்? மாட்டிட்டு வாங்க, நான் மாத்து தாரேன்."

பாலக்காட்டுப் பெரியவர் ஒருவர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். முதலாளி கையை ஓங்கிக்கொண்டு படி இறங்கினார். "நாக்க அடக்கிப் பேசு! யாருகிட்டப் பேசுதேன்னு..."

"அப்பா!"

உள்ளறைக் கதவை ஒரு சாண் திறந்துகொண்டு வசந்தி நின்றாள். குனிந்த தலை, அழுக்குச் சேலை, மெலிந்த கை. சடங்கு முடியும்முன் அவள் அந்தக் கதவுப் பக்கமே வரக்கூடாது. பிள்ளையைப் பார்த்து அம்மா இளகிச் சேலையைக் கொடுத்துவிடப் போகிறாள் என்று பயந்தேன்.

கொடுக்க நேரமில்லாமல் வசந்தியே பேசிவிட்டாள். "என்னை அப்படி யாராவது படம் எடுத்து மாட்டினா நான் செத்துப் போவேன்ப்பா. போய் எடுத்துட்டு வாங்க. நீங்க வர வரைக்கும் நான் குளிக்கல."

முதலாளி மனைவியைப் பார்த்தார். கோமதியம்மா கவிழ்த்த அட்டையை மார்போடு பிடித்தபடி, "பிள்ளை சொல்றது காதுல விழலியா?" என்றார். அவர் கணவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பட்டு வேட்டியோடு யூதத் தெருவுக்குப் போய், கடை திறந்து, திரும்பி வந்தார். அதுவரை அம்மா படிக்குக் கீழே நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. யாரோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவும் இல்லை.

சுக்கு வாங்கும் சாக்குப்பை ஒன்றில் அட்டைகளை அடைத்துக் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் காலடியில் வைத்தார். அம்மா குனியக்கூட இல்லை.

"எனக்கெதுக்கு? நானா அச்சடிச்சேன்?"

கோமதியம்மா இறங்கி வந்து பையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார், நானும் பின்னால் போனேன். அங்கே பெரிய அண்டாவில் வசந்தி குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. பையோடு அடுப்பில் தள்ளினார். தன் கையில் இருந்ததையும் போட்டார். பளபளப்புத் தாள் லேசில் பிடிக்கவில்லை. பிடித்த பிறகு பச்சையும் நீலமுமாக எரிந்தது. கோமதியம்மா முன்பக்கம் திரும்பி வந்தார்.

"உள்ள வா பேச்சியம்மா" என்றார். முன்வாசலைத்தான் காட்டினார். அதுவரை அந்த வீட்டில் அம்மா வெறும் பேச்சி. அவள் படியேறிப் போய், மாத்துச் சேலையைத் தரையில் வைக்காமல் வசந்தியின் கையிலேயே கொடுத்தாள்.

எல்லா அட்டையும் அன்று எரிந்துவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. எர்ணாகுளத்தில் வேறு கடைகள் இருந்தன, கப்பலேறிப் போனவை போனவைதான். எங்கோ ஒரு வெள்ளைக்காரன் வீட்டு அலமாரியில் அம்மா இன்னும் விரிப்பை ஓங்கிக்கொண்டு நிற்கலாம். முதலாளி அதன்பிறகு தன் துணியை வேறு இடத்தில் போட்டார். கோமதியம்மா வீட்டுத் துணியை எங்களிடமே அனுப்பினார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மூட்டை போனதை மட்டாஞ்சேரி வெகுநாள் பேசிச் சிரித்தது.

வந்தவனுக்கு ஒரு வேலை

மறுநாள் காலை அம்மா முன்கல்லுக்கு வந்தாள். தட்டி அப்படியே இருந்தது.

"படம் போச்சு. ஆனா தட்டி கெடக்கட்டும் பேச்சி. கட்டினது கட்டியாச்சு" என்றார் மாமா.

அம்மா தட்டியின் கயிற்றை அறுத்தாள். தட்டி முன்பக்கமாகச் சாய்ந்து சாலையில் விழுந்தது. அதன் பின்னால் கண்ணை வைத்திருந்த இருவர் துள்ளி விலகினார்கள். மற்றப் பெண்கள் பின்கற்களிலிருந்து தங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள். மாமா கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தன் வேட்டிகளைப் பார்க்கப் போனார். பாவம், அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

அன்று துறைமுகத்துக்குக் கப்பல் வந்திருந்தது. பஸ் வந்து நின்றது. வழிகாட்டி இறங்கிக் கைகாட்டி, எளிய மக்கள், சந்தோஷமான மக்கள் என்று ஆரம்பித்தான். செம்பட்டைத் தாடி வைத்த, பனைமரம் போல் உயரமான ஒரு வெள்ளைக்காரன் குளத்தங்கரை வரை இறங்கி வந்தான். காமிராவைக் கண்ணில் வைத்தான்.

அம்மா அவனை நேராகப் பார்த்தாள். சேலையை இறக்கிவிடவில்லை. முகத்தைத் திருப்பவுமில்லை. தண்ணீர் சொட்டும் ஹோட்டல் விரிப்பை எடுத்து, ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை அவன் பக்கம் எறிந்தாள்.

"இந்தா, பிடி" என்றாள் தமிழில்.

ஈர விரிப்பை ஒற்றை ஆள் பிழிய முடியாது. அது அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான். அம்மா வலப்பக்கம் முறுக்க, அவனும் அதே பக்கமே முறுக்கினான். துணி சும்மா சுற்றியது, ஒரு சொட்டு இறங்கவில்லை. "அந்தப் பக்கம்டா, அந்தப் பக்கம்!" என்று பெண்கள் கத்தினார்கள். அவன் மாற்றி முறுக்கினான். நீர் கொட்டியது, முழுக்க அவன் கால் சப்பாத்தில். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் முகம் சிவந்து, பல்லைக் கடித்து, உண்மையாகவே பிழிந்தான்.

வழிகாட்டி பதறி ஓடிவந்தான். "சேச்சி, எந்தா இது? ஆளெ விடு. பஸ் போகணும்!"

அம்மா பிழிந்த விரிப்பை உதறித் தோளில் போட்டாள். அடுத்த விரிப்பைத் தண்ணீரிலிருந்து இழுத்தாள்.

"ஒண்ணுதானே ஆயிருக்கு. இன்னும் ஒரு வண்டித் துணி கெடக்கு" என்றாள். "பஸ்ஸுல இருக்க எல்லாரையும் இறங்கி வரச் சொல்லு."